ஷாம்பூ விளம்பரம் வந்த வெள்ளிக்கிழமை

கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு, கையில ஒரு தே ஓ வச்சுக்கிட்டு நிதானமா படிங்க. யார் மனசையும் நோகடிக்க இதை எழுதல. அப்படி நொந்தா, நோக வேண்டிய முதல் ஆள் நான்தான். ஏன்னு கீழே சொல்றேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்கால பூஜைக்கு வந்தவங்களுக்கு விஷயம் தெரியும். வராதவங்களுக்காகச் சொல்றேன். தீபாராதனை முடிஞ்சு பஞ்சபுராணம் ஓதுற நேரம். நான் வழக்கம்போல மைக் செட் பக்கத்துல நின்னுக்கிட்டு ஃபோன்ல இருக்கிற பாட்டு ஆப்பைத் தட்டினேன். ஓதுவார் குரல் கணீர்னு வந்துச்சு. தேவாரம் முடிஞ்சது. திருவாசகம் ஆரம்பிச்சு பாதி வந்திருக்கும். எல்லாரும் கண்ணை மூடி கை கூப்பி நிக்கிறாங்க. திடீர்னு பாட்டு நின்னு, ஒரு பெண் குரல் மலாய்ல ரொம்ப சந்தோஷமா, முடி கொட்டுதா, இந்த ஷாம்பூ போடுங்கன்னு சொல்லுது. முழு வால்யூம். மண்டபத்துல நாலு ஸ்பீக்கர், வெளிய ரெண்டு கூம்பு. தாமான் முழுக்கக் கேட்டிருக்கும்.

குருக்கள் கையில தட்டோட திரும்பிப் பார்த்தார். சின்னப் பசங்க சிரிச்சாங்க. உண்மையைச் சொல்லணும்னா பெரியவங்களும் சிரிச்சாங்க. முன்வரிசையில நின்ன ஒரு வழுக்கைத் தலை அண்ணன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கிட்டார், அதுக்கு இன்னும் சிரிப்பு. எனக்கு ஃபோன் லாக் திறக்கல, விரல் எல்லாம் விபூதி. விளம்பரம் முழுசா ஓடி முடிஞ்ச பிறகுதான் திருவாசகம் விட்ட இடத்துல இருந்து மறுபடி ஆரம்பிச்சது. ஒண்ணுமே நடக்காத மாதிரி.

ஞாயித்துக்கிழமை கமிட்டி கூட்டத்துல இது பேச்சுக்கு வந்தது. அஞ்சு நிமிஷத்துல தீர்வும் கண்டாச்சு. மாசா மாசம் கொஞ்சம் வெள்ளி கட்டினா விளம்பரம் வராத அக்கவுண்ட் எடுத்துக்கலாம், கோயில் கணக்குல போட்டுடலாம். ஒரு மூட்டை அரிசி விலைகூட ஆகாது. எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். கையெழுத்துகூட போட்டேன். வீட்டுக்கு வந்து ராத்திரி தூக்கம் வரல.

ஏன் வரலன்னு சொல்றதுக்கு எங்க அப்பாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்.

பழைய ஆளுங்களுக்கு அவரைத் தெரியும். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துல பிறந்து வளர்ந்தவர். விடியற்காலை பெரட்டு, அப்புறம் பால்மரம். தோட்டத்துல கிராணியா இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லயத்துப் பிள்ளைங்களைத் தோட்டத்து மாரியம்மன் கோயில்ல உட்கார வச்சு தேவாரம் சொல்லிக்கொடுப்பாராம். புத்தகம் கிடையாது. அவர் ஒரு வரி சொல்ல, இவங்க திருப்பிச் சொல்லணும். தப்பாச் சொன்னா தலையில குட்டு. அப்பா மூணாவது வரைக்கும்தான் படிச்சார். ஆனா சிவபுராணம் முழுக்க மனப்பாடம். வருஷம் ஒருமுறை அந்தக் கிராணி தன் செலவுல நாலு பிள்ளைங்களைக் கோலாலம்பூருக்கு ரயில்ல கூட்டிட்டுப் போய், பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் திருவிழாவைக் காட்டுவாராம். இலங்கைத் தமிழர் கட்டின கோயில் அது, அங்க தேவாரம் ஓதும்போது ஒருத்தரும் பேச மாட்டாங்கன்னு அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்.

அப்புறம் தோட்டம் வித்தாச்சு, வீடமைப்பு வந்துச்சு, நாங்க கிள்ளானுக்கு வந்தோம். அப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினார். சாயங்காலம் குளிச்சு, வேட்டி கட்டி, நம்ம கோயிலுக்கு வந்துடுவார். முப்பது வருஷத்துக்கு மேல நம்ம கோயில்ல பஞ்சபுராணம் அவர் குரல்தான். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். அஞ்சும் பாடி, முடிவுல வாழ்த்து. பத்து நிமிஷம் ஆகும். மைக் கிடையாது. சில சமயம் சுருதி இறங்கும். மழை நாள்ல தகரக் கூரைச் சத்தத்துல ஒண்ணுமே கேக்காது. அவர் பாட்டுக்குப் பாடிக்கிட்டு இருப்பார்.

வயசாச்சு. பல்லு போச்சு, மூச்சு வாங்குச்சு. நடுவுல ஒரு வரி மறந்துபோய், ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பிடுவார். பின்னாடி நிக்கிற சில பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறதை நான் பார்த்தேன். எனக்குத் தாங்கல. அப்பதான் கோயிலுக்குப் புது மைக் செட் உபயம் வந்திருந்தது, அதைப் பார்த்துக்கிற பொறுப்பும் என்கிட்ட வந்தது. ஒரு பென்டிரைவ்ல தருமபுரம் சுவாமிநாதன் ஓதுவார் பாடின பதிகங்களை ஏத்திக் கொண்டுவந்து, "அப்பா, நீங்க சிரமப்பட வேணாம், இதைப் போடுறேன், நீங்க உட்காருங்க"ன்னேன்.

அப்பா கோவிச்சுக்கல. கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. இப்படிப் பாட நம்மால முடியுமா"ன்னார். அதுக்கப்புறம் தினமும் வந்து ரெண்டாவது தூணுக்குப் பக்கத்துல நிப்பார். பாட்டு ஓடும்போது அவர் வாய் அசையும். என்ன பாடுறார்னு பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூடக் கேட்காது, ஸ்பீக்கர் சத்தம் அப்படி.

ரெண்டு வருஷத்துல போய்ச் சேர்ந்துட்டார். கருமாதிக்கு முந்தின நாள், பினாங்குல இருக்கிற என் தங்கச்சி, "அண்ணே, அப்பா பாடின தேவாரம் ஒண்ணு அனுப்பு, நாளைக்குப் படத்துக்கு முன்னாடி போடலாம்"னு கேட்டா. தேடினேன். என் ஃபோன், அப்பா ஃபோன், கோயில் குரூப், திருவிழா வீடியோ எல்லாம் தேடினேன். அப்பா குரல்ல வாட்சாப் வாய்ஸ் மெசேஜ் நிறைய இருக்கு. வரும்போது பால் வாங்கிட்டு வா. மழை வருது, துணி எடுத்தாச்சா. அந்த மோட்டாரை மெதுவா ஓட்டு. பாட்டு ஒண்ணுகூட இல்ல. கோயில் வீடியோ ஒவ்வொண்ணுலயும் தூணுக்குப் பக்கத்துல அப்பா நிக்கிறார், வாய் அசையுது, கேக்குறது சுவாமிநாதன் ஓதுவார் குரல்.

அதைச் செஞ்சது நான்தான். அதனாலதான் முதல்லயே சொன்னேன், நோக வேண்டிய ஆள் நான்னு.

இப்ப மகள் கதைக்கு வரேன். அவளுக்கு பதினஞ்சு வயசு. சனிக்கிழமை தோறும் பிரிக்பீல்ட்ஸ்ல பாட்டு கிளாஸ். ஃபெடரல் ஹைவேல காடி ஓட்டி, அங்க பார்க்கிங் தேடி, சண்டை போட்டு அலுத்துப்போய், இப்ப ரெண்டு பேரும் கிள்ளான் ஸ்டேஷன்ல கொமுட்டர் ஏறிடுறோம். பாடாங் ஜாவா, ஷா ஆலம், சுபாங் ஜெயான்னு நின்னு நின்னு போகும். பெட்டியில எல்லார் காதுலயும் ஒரு குமிழ். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பாட்டுல இருக்காங்க, பெட்டி மட்டும் அமைதியா இருக்கு. அங்காசாபுரி ஸ்டேஷன் வந்தா நான் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். மலேசிய வானொலி அங்கதான் இருக்கு, இப்ப மின்னல் எஃப்எம். தோட்டத்துல ஒரு ரேடியோவைச் சுத்தி அஞ்சு குடும்பம் உட்கார்ந்து தமிழ் ஒலிபரப்பு கேட்ட கதையை அப்பா சொல்லுவார். அதை மகளுக்குச் சொல்ல வாயெடுத்தா, அவ காதுலயும் குமிழ்.

கேஎல் சென்ட்ரல்ல இறங்கி, கடைத்தொகுதி வழியா துன் சம்பந்தன் சாலைக்கு வந்தா அப்படியே எதிர்மாறு. 2010-ல லிட்டில் இந்தியான்னு வளைவெல்லாம் வச்சுத் திறந்தாங்களே, அந்த இடம். துணிக்கடை, கேசட் போய் சிடி போய் இப்ப என்ன விக்கிறாங்கன்னே தெரியாத பாட்டுக்கடை, மாலைக்கடை. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு ஸ்பீக்கர், ஒண்ணை ஒண்ணு அமுக்குது. சம்பந்தன் பேர்ல இருக்கிற ரோட்டுல ஒரு தேவாரம் கேட்டதில்லைன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அது மந்திரியா இருந்த துன் சம்பந்தன், ஞானசம்பந்தர் இல்ல, தெரியும். இருந்தாலும்.

மகள் நல்லா பாடுறா. நான் அப்பன் என்கிறதுக்காகச் சொல்லல. மலேசிய இந்து சங்கம் வருஷா வருஷம் நடத்துற திருமுறை ஓதும் போட்டியில வட்டாரத்துல பரிசு, மாநிலத்துல பரிசு. வீட்டு ஷோகேஸ்ல கோப்பை வரிசையா நிக்குது. நம்ம கோயிலுக்கு வர்ற குடும்பங்கள்ல எனக்குத் தெரிஞ்சே ஆறேழு பிள்ளைங்க அந்தப் போட்டிக்குப் போறவங்க. பண் தெரிஞ்சு, தாளம் தவறாம, புத்தகம் பார்க்காமப் பாடுற பிள்ளைங்க. வெள்ளிக்கிழமை இதே பிள்ளைங்கதான் நம்ம மண்டபத்துல கை கட்டி நின்னு ஃபோன்ல ஓடுற தேவாரத்தைக் கேக்குதுங்க.

கூட்டம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி அவகிட்ட கேட்டேன். "ஏம்மா, கோயில்ல பாட மாட்டேங்கிற?"

"யாரும் கூப்பிடலயேப்பா. ஸ்பீக்கர்லதான் ஓடுதே. நான் அதோட போட்டி போடணுமா?"

பதில் சொல்ல முடியல.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த அக்கவுண்ட் வேணாம். விளம்பரம் வந்தது தப்பு இல்ல. விளம்பரம் வர்ற இடத்துல பஞ்சபுராணத்தை வச்சதுதான் தப்பு. காசு கட்டினா ஷாம்பூக்காரி வர மாட்டா, சரி. தூணுக்குப் பக்கத்துல வாய் அசைச்சுக்கிட்டு நிக்கிறவங்க குரல் வந்துடுமா?

மேளம் விஷயம் வேற. நம்ம கோயில்ல மெஷின் மேளம் ஓடுது, சுவிட்ச் போட்டா முரசும் மணியும் சேகண்டியும் தானா அடிச்சுக்கும். எனக்கு அது பிடிக்காது, அது வாசிக்கல, இரையுது. ஆனா அதுல கமிட்டியைக் குறை சொல்ல மாட்டேன். நாதஸ்வரமும் தவிலும் சின்ன வயசுலேர்ந்து வருஷக்கணக்கா உட்கார்ந்து கத்துக்கிற வித்தை. உள்ளூர்ல ஆள் குறைவு. ஊர்லேர்ந்து வரவழைக்கணும்னா பெர்மிட், சம்பளம், தங்க இடம். பெரிய கோயில்களால முடியும். நம்ம மாதிரி தாமான் கோயிலுக்குத் திருவிழாவுக்கு நாலு நாள் கூப்பிடுறதே பெரிய பாடு. சரி, இருக்கட்டும்.

பஞ்சபுராணத்துக்கு என்ன பெர்மிட்? என்ன சம்பளம்? ஒரு வாய், ஒரு பத்து நிமிஷம். காசு இல்லாததால இது நின்னு போகல. நம்ம குரல் நல்லா இல்லைன்னு நாமளே வெட்கப்பட்டு நிறுத்திட்டோம். எங்க வீட்டுல அப்படித்தான் நடந்தது.

தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜ சோழன் கல்லுல வெட்டி வச்ச ஒரு ஏற்பாடு இருக்கு. திருப்பதியம் பாடுறதுக்கு 48 பேர், கூட உடுக்கை வாசிக்க ஒருத்தர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருத்தர். மொத்தம் 50 பேருக்குத் தினம் நெல்லு அளந்து கொடுக்கணும்னு கணக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி. எனக்கு அதுல பிடிச்சது அந்த எண்ணிக்கை இல்ல. பாடுறவர் செத்துட்டாலோ ஊரை விட்டுப் போயிட்டாலோ என்ன பண்றதுன்னும் அதுல எழுதியிருக்கு. அவருக்கு அடுத்த உறவுக்காரர் அந்த இடத்துல நின்னு பாடணும். அவருக்குத் தகுதி இல்லைன்னா தகுதியான வேற ஆளை நிறுத்தணும். அவ்வளவு பெரிய ராஜா, ஒரு பாட்டுக்காரன் இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு யோசிச்சிருக்கார். எங்க அப்பா உயிரோட இருக்கும்போதே அவர் இடத்துல நான் ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

இதைச் சொன்னா என்னென்ன பதில் வரும்னு எனக்குத் தெரியும், குரூப்ல பாதி ஏற்கனவே வந்தாச்சு.

ஒரு ஐயா, சுருதி இல்லாமப் பாடினா அபசாரம்னார். பண் முக்கியம்தான், மறுக்கல. தேவாரத்துக்கு பகல் பண், இராப் பண், பொதுப் பண்னு பிரிச்சே வச்சிருக்காங்க. புறநீர்மை விடியக்காலைக்கு, பூபாளம் மாதிரி. மேகராகக்குறிஞ்சி ராத்திரிக்கு, நீலாம்பரி. மகள் சொல்லித்தான் இது எனக்கே தெரியும். ஆனா ஐயா, அந்த ஆப்புக்கு இது தெரியுமா? விளக்கு வச்ச நேரத்துல விடியக்காலைப் பண்ணை எத்தனை தடவை அது ஓட்டியிருக்கும், நாமும் கண்ணை மூடி நின்னிருக்கோம். பாடுற பிள்ளை தப்பு பண்ணா டீச்சர் திருத்துவாங்க, ஆப்பை யார் திருத்துறது?

இன்னொருத்தர், பேர் சொல்லல, பொம்பளைப் பிள்ளைங்க சன்னிதியில ஓதலாமான்னு கேட்டார். காரைக்கால் அம்மையார் பாடினது பதினோராம் திருமுறையில இருக்கு அண்ணே. தமிழ்ல பதிகம்னு பாட ஆரம்பிச்சு வச்சவங்களே அந்த அம்மாதான்னு சொல்லுவாங்க, மூத்த திருப்பதிகம்னே அதுக்குப் பேர். தேவாரத்துக்குப் பண் தெரியாமப் போனப்ப, திருநீலகண்ட யாழ்ப்பாணர் வம்சத்துல வந்த ஒரு பெண்தான் பண் அமைச்சுக் கொடுத்தாங்கன்னு திருமுறை கண்ட வரலாறு சொல்லுது. 2021-ல சென்னைக்குப் பக்கத்துல மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில்ல ஒரு இளம்பெண்ணை அரசாங்கமே ஓதுவாரா நியமிச்சது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

மூணாவது கேள்விதான் நியாயமானது. தினமும் யார் வர்றது? வேலை முடிஞ்சு ஃபெடரல் ஹைவே ஜாம்ல வந்து சேர்றதுக்குள்ள நடை சாத்திடுறாங்க. பிள்ளைங்களுக்கு டியூஷன், எஸ்பிஎம். உண்மைதான். அதனால தினமும் கேக்கல. வெள்ளிக்கிழமை மட்டும். அந்தப் பத்து நிமிஷம் மட்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பாட்டு. பெரிய எழுத்துல அச்சடிச்ச தாளை நான் தூண்ல மாட்டி வைக்கிறேன். பாட ஆளே வரலைன்னா சும்மா நிப்போம். மௌனமும் நல்லதுதான், அதுக்கு நடுவுல ஷாம்பூ வராது.

பதிவு பண்ணின பாட்டுக்கு நான் எதிரி இல்ல, அதையும் சொல்லிடறேன். சூலமங்கலம் சகோதரிகளோட கந்த சஷ்டி கவசம் கேக்காம எங்க வீட்டுல பொழுது விடிஞ்சதில்ல. சுவாமிநாதன் ஓதுவார் பதிவுகள் இல்லைன்னா என் மகளுக்குப் பாதிப் பதிகத்தோட பண் தெரிஞ்சிருக்காது. வீட்டுல கேட்போம், காடியில கேட்போம், அதைக் கேட்டுக் கத்துப்போம். காலையில நடை திறக்கும்போதும் போடலாம். தைப்பூசத்துல பத்துமலை அடிவாரத்துல பந்தலுக்குப் பந்தல் போடுற சத்தத்தைப் பத்தி எழுதினா அது தனிச் சண்டை, இன்னிக்கு வேணாம்.

கமிட்டியில பேசிட்டேன். என் கையெழுத்தை நானே வாபஸ் வாங்கினேன், தலைவர் சிரிச்சார். ஆனா மூணு வெள்ளிக்கிழமை பார்ப்போம்னு ஒத்துக்கிட்டார். சரியா வரலைன்னா அக்கவுண்ட் எடுத்துடுவாங்க.

முதல் வாரம் வர்ற வெள்ளி. ஏழே கால் மணிக்கு தீபாராதனை, ஏழரைக்குள்ள பஞ்சபுராணம். திருவாசகத்துக்கும் பெரியபுராணத்துக்கும் ஆள் கிடைச்சாச்சு. பூக்கட்டுற பாட்டி திருப்பல்லாண்டு நான் பாடுறேன்னு தானா வந்து சொன்னாங்க, இத்தனை வருஷமா அவங்களுக்குப் பாடத் தெரியும்னே யாருக்கும் தெரியாது. திருவிசைப்பாவுக்கு இன்னும் ஆள் வேணும், தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. தெரியாதவங்களும் சொல்லுங்க, தாள் தரேன்.

தேவாரம் மகள் பாடுறேன்னு ஒத்துக்கிட்டா. ரெண்டாவது தூணுக்குப் பக்கத்துல நின்னுதான் பாடுவாளாம், மைக் வேணாமாம். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கா. நான் ஃபோனை எடுத்து ரெக்கார்ட் பண்ணக் கூடாதாம். அப்பா குரலைத் தேடி அலைஞ்ச என்கிட்ட இப்படி ஒரு நிபந்தனை. ரெண்டு நாளா கெஞ்சிப் பார்த்துட்டேன், அசையல.

சரின்னுட்டேன். ஃபோனை வீட்டுலயே வச்சுட்டு வரேன்.